எஸ்.பி.ஏ.-15 சிலிக்காவில் தனித்தனி டைட்டானியம்: ஒரு செய்முறைப் பதிவு

துளைகள் நிறைந்த எஸ்.பி.ஏ.-15 சிலிக்காவில் டைட்டானியத்தை ஒட்டவைத்து வினையூக்கி செய்தால், சுட்டெடுத்த பிறகு எல்லாமே வெள்ளைப் பொடிதான். டைட்டானியம் ஒவ்வொன்றும் தனியாகச் சிலிக்காச் சுவரில் உட்கார்ந்திருந்தாலும் வெள்ளை. நாலைந்து சேர்ந்து கொத்தாகக் கிடந்தாலும் வெள்ளை. அனட்டேஸ் (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) ஆகத் திரண்டு துளை வாயை அடைத்துக்கொண்டாலும் வெள்ளை. மூன்றிலும் டைட்டானியச் சதவீதம்கூட ஒன்றாகவே இருக்கலாம். வினையில் போட்ட பிறகுதான் முதலாவது ஓடும், மூன்றாவது படுத்துக்கொள்ளும். இந்த வேறுபாடு உண்டாவது தயாரிப்பின் நடுவில், பெரும்பாலும் கணக்கில் எடுக்காத தண்ணீரால். ஆகவே இந்தப் பதிவில் தண்ணீர்க் கணக்குக்குக் கொஞ்சம் அதிக இடம் போகும்.

எடுத்துக்கொண்ட வேலை இது: எஸ்.பி.ஏ.-15 தயாரிப்பது, அதன் உட்சுவரில் சதுர நானோமீட்டருக்கு 0.2 டைட்டானியம் என்ற அடர்த்தியில் டைட்டனோசீன் டைகுளோரைடு (இரண்டு சைக்ளோபென்டாடையீன் வளையங்களுக்கு இடையே டைட்டானியம் உள்ள சேர்மம்) வழியாக ஒட்டவைப்பது. ஒட்டியது தனித்தனியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கடைசியில் சைக்ளோஹெக்சீனை எப்பாக்சைடாக்கும் (இரட்டைப் பிணைப்பின் மேல் ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கும்) வினையில் ஓட்டிப் பார்ப்பது. டைட்டனோசீன் வழி முதலில் 1995இல் எம்.சி.எம்.-41 என்ற இன்னொரு துளைச் சிலிக்காவுக்காக வெளியானது. எம்.சி.எம்.-41இன் சுவர் ஏறக்குறைய 1 நானோமீட்டர்தான். ஈரமும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் சரிந்துவிடும். 1998இல் வந்த எஸ்.பி.ஏ.-15இன் சுவர் 3 நானோமீட்டருக்கு மேல், துளையும் அகலம். திரும்பத் திரும்பச் சுட வேண்டிய வேலைக்கு இதுவே தோது.

தாங்கி

டைட்டானியத்தைச் சுமக்கப்போகும் எஸ்.பி.ஏ.-15தான் தாங்கி. அதற்கு, துளைக்கு அச்சாக நிற்கும் பி123 பாலிமர் 4.0 கிராம், தண்ணீர் 30 கிராம், 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 120 கிராம், டி.இ.ஓ.எஸ். (டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட், சிலிக்கா தரும் திரவம்) 8.5 கிராம். பி123 பார்க்க வாசலின் மாதிரி இருக்கும், கரண்டியைவிட்டுப் போகாது; ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அரை கிராம் வழியிலேயே நின்றுவிடும். வினை நடக்கும் பாட்டிலையே தராசில் வைத்து நேராக எடை போட வேண்டும். சூடாக்கினால் சீக்கிரம் கரையும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. இந்தப் பாலிமரின் நடுப்பகுதி சூட்டில் தண்ணீரை உதறிவிடும் இயல்புடையது. ஆகவே அறை வெப்பத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ கலக்கி, கண்ணாடி போலத் தெளிந்த பிறகு 35 டிகிரிக்கு ஏற்றலாம். மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும்.

டி.இ.ஓ.எஸ்.ஸை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், சொட்டுச் சொட்டாக அல்ல. காந்தக் கலக்கியின் வேகம் மிதமாக இருக்கட்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது போலிருந்து, அரை மணி நேரத்துக்குள் பால் போலக் கலங்கும். ஒரு மணி நேரம் கழிந்தும் தெளிவாகவே இருந்தால் அமில அளவையும் உள்ளே வைத்த வெப்பமானியையும் பார்க்க வேண்டும். ஹாட் பிளேட்டின் முகப்பு காட்டும் 35, பாட்டிலுக்குள் 29 ஆக இருப்பது சகஜம். டி.இ.ஓ.எஸ். புட்டியின் அடியில் ஜெல்லி போல ஏதாவது படிந்திருந்தால் அந்தப் புட்டியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே ஈரம் பட்டுப் பாதி வினை முடிந்த பொருள் அது.

20 மணி நேரம் 35 டிகிரியில் கலக்கிய பிறகு, கலக்காமல் டெஃப்லான் உறையிட்ட மூடிய கலத்தில் 100 டிகிரியில் 24 மணி நேரம். முதலில் வெளியான முறையில் இது 80 டிகிரி. 100க்கு ஏற்றினால் துளை கொஞ்சம் அகலும், சுவருக்குள் ஒளிந்திருக்கும் நுண்துளை குறையும். இந்த இரண்டாவது நன்மைதான் நமக்கு முக்கியம். பி123இன் முனைச் சங்கிலிகள் சுவருக்குள் புதைந்து, சுட்ட பின் 2 நானோமீட்டருக்கும் குறைவான பொந்துகளை விட்டுச் செல்கின்றன. டைட்டானியம் அங்கே போய் ஒளிந்துகொண்டால் எடையில் வரும், வேலையில் வராது. மூடி சரியாக இறுகாவிட்டால் அமில ஆவி ஓவனை அரித்துவிடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

வடிகட்டி, தண்ணீரில் கழுவி, பிறகு சூடான எத்தனாலில் இரண்டு முறை கழுவினால் பாலிமரில் பெரும்பகுதி போய்விடும். இதைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றும், போகக் கூடாது. பாலிமர் முழுவதும் உள்ளே இருக்க ஃபர்னஸில் வைத்தால் அது எரியும் சூடும், எரியும்போது வரும் நீராவியும் துளைகளைப் பதம் பார்க்கும். பொடியை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்பி, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 550 வரை ஏற்றி 6 மணி நேரம் வைக்க வேண்டும். ஏற மட்டுமே கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம் ஆகும். குவியலாக வைத்தால் மேலே வெள்ளையும் நடுவில் சாம்பல் நிறமுமாக வரும். அந்தக் கரியை மறுபடி சுட்டுப் போக்கலாம், ஆனால் அந்த இடத்தில் பட்ட அதிகச் சூட்டைத் திருப்பி எடுக்க முடியாது.

விளைச்சலை எடை போடுவது நல்ல சோதனை. 8.5 கிராம் டி.இ.ஓ.எஸ். என்பது 40.8 மில்லிமோல்; அதிலிருந்து அதிகபட்சம் 2.45 கிராம் சிலிக்காதான் வரும். தராசு 2.7 காட்டினால் மகிழ்ச்சிப்பட ஒன்றுமில்லை. கூடுதலாக வந்தது காற்றிலிருந்து குடித்த தண்ணீர்.

எக்ஸ்ரே விளிம்பு விளைவில் (டிஃப்ராக்ஷனில்) தாமிரக் கதிர் கொண்டு 2 தீட்டா 0.92 டிகிரியில் பெரிய உச்சி வந்தால் அடுக்கு இடைவெளி 9.6 நானோமீட்டர். அறுகோண அடுக்கு என்பதற்குச் சான்று அந்த ஒற்றை உச்சி அல்ல, 1.59லும் 1.84லும் தொடர்ந்து வரும் இரண்டு சின்ன உச்சிகள். அவை இல்லையென்றால் துளைகள் உண்டு, ஒழுங்கு இல்லை என்று பொருள். துளை மையத்துக்கு மையம் 11.1 நானோமீட்டர், துளை விட்டம் 7.5 என்றால் சுவர் 3.6.

துளையையும் பரப்பையும் அளக்கும் நைட்ரஜன் உறிஞ்சலுக்கு முன் 200 டிகிரியில் வெற்றிடத்தில் ஓர் இரவு. வளைவில் சார்பழுத்தம் 0.65 முதல் 0.75 வரை செங்குத்தான ஏற்றம் இருக்க வேண்டும். திரும்பி வரும் வளைவு ஏற்றத்துக்கு இணையாக இறங்காமல் 0.45 வரை தொங்கிப் பிறகு பொத்தென்று விழுந்தால் துளைகளில் எங்கோ அடைப்பு. இந்தத் தாங்கியில் பி.இ.டி. பரப்பளவு (இந்த உறிஞ்சலிலிருந்து கணக்கிடுவது) பொதுவாக கிராமுக்கு 700 சதுர மீட்டரை ஒட்டி வரும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜன் மூலக்கூறு ஒன்று 0.162 சதுர நானோமீட்டர் இடம் பிடிக்கிறது என்று கருவி எடுத்துக்கொள்கிறது. ஹைட்ராக்சில் (ஓ.எச். குழு) நிறைந்த சிலிக்காவில் அது நிமிர்ந்து நின்று 0.135 அளவே பிடிக்கிறது என்ற வாதம் வலுவானது. அப்படிப் பார்த்தால் 700 என்பது 583 ஆகிவிடும், 0.2 என்று நினைத்துப் போட்ட டைட்டானியம் உண்மையில் 0.24. எதை எடுத்தாலும் சரி, எதை எடுத்தோம் என்று எழுதிவைத்து எல்லா மாதிரிக்கும் அதையே பின்பற்ற வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

1 கிராம் தாங்கி, 700 சதுர மீட்டர். அதாவது 7 × 10²⁰ சதுர நானோமீட்டர். 0.2 வீதம் 1.4 × 10²⁰ டைட்டானிய அணுக்கள், 0.23 மில்லிமோல், 11 மில்லிகிராம். எடையில் ஏறக்குறைய 1.1 சதவீதம். டைட்டனோசீன் டைகுளோரைடாக 58 மில்லிகிராம்.

இப்போது எதிர்ப்பக்கம். திறந்த தட்டில் கிடந்த எஸ்.பி.ஏ.-15 எடையில் 5 சதவீதம் தண்ணீர் வைத்திருப்பது சாதாரணம். 1 கிராமில் 50 மில்லிகிராம், 2.8 மில்லிமோல். ஒரு டைட்டானியத்துக்குப் பன்னிரண்டு தண்ணீர் மூலக்கூறு காத்திருக்கிறது. சுவரில் போய் ஒட்டும் முன்பே டைட்டானியம் தண்ணீரோடு கூடிக்கொண்டு, தங்களுக்குள் ஆக்சிஜன் பாலம் போட்டுக்கொள்ளும். அந்தக் கொத்துதான் பிறகு அனட்டேஸ்.

தாங்கியை உலர்த்திவிட்டுக் கரைப்பானைக் கோட்டைவிடுவது அடுத்த தவறு. 30 மில்லிலிட்டர் டொலுவீனில் 200 பி.பி.எம். தண்ணீர் இருந்தால் 5.2 மில்லிகிராம், 0.29 மில்லிமோல். டைட்டானியத்தைவிட அதிகம்! இத்தனைக்கும் அந்த டொலுவீன் கண்ணுக்குத் தெளிவாக, புதுப்புட்டியிலிருந்து ஊற்றியதாக இருக்கும். 20 பி.பி.எம்.முக்குக் கீழே கொண்டுவந்தால் 0.03 மில்லிமோல், அது தாங்கும். கார்ல் ஃபிஷர் அளவீடு (தண்ணீரை அளக்கும் தரம்பார்த்தல்) இல்லாமல் உலர்ந்த கரைப்பான் என்று எழுதுவதில் பொருள் இல்லை.

டைட்டனோசீன் வழிக்கு டொலுவீனைவிடக் குளோரோஃபார்ம் நன்றாகக் கரைக்கும். அதில் வேறொரு பொறி. கடையில் வரும் குளோரோஃபார்மில் நிலைப்படுத்தியாக அரை முதல் ஒரு சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். 30 மில்லிலிட்டர் என்பது 44 கிராம், அதில் 0.6 சதவீதம் எத்தனால் என்றால் 5.8 மில்லிமோல். டைட்டானியத்தைப் போல இருபத்தைந்து மடங்கு. எத்தனால் டைட்டானியத்தோடும் சேரும், சிலனால் (சுவரில் சிலிக்கனோடு ஒட்டிய ஹைட்ராக்சில்) இடத்தையும் பிடிக்கும். லேபிளில் அமிலீன் (எத்தனாலுக்குப் பதிலான நிலைப்படுத்தி) சேர்த்தது என்று போட்ட குளோரோஃபார்மை வாங்கி, புதிதாகச் சுட்ட 3 அல்லது 4 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூற்றுச் சல்லடையில் இரண்டு நாள் வைத்தால் போதும். குளோரோஃபார்மைச் சோடியத்தில் உலர்த்தவே கூடாது, வெடிக்கும்.

தாங்கியை உலர்த்த: நிறுத்துகுழாய் வைத்த ஷ்லெங்க் குடுவையில் (காற்றுப் படாமல் வேலை செய்ய உதவும் குடுவை) 1 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்டு, வாயில் கண்ணாடிப் பஞ்சு வைத்து, வெற்றிடத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும். 100 டிகிரிக்கு அருகே தண்ணீர் மொத்தமாகக் கிளம்பும்போது பொடி திரவம் போலப் பொங்கும். பஞ்சு இல்லாவிட்டால் பாதிப் பொடி பம்புக்குப் போய்ச் சேரும். 120இல் ஒரு மணி நேரம் நிறுத்தி, பொங்குவது அடங்கிய பிறகு 200, பத்து மணி நேரம். குடுவையை முன்னும் பின்னும் எடை போட்டால் உலர்ந்த சிலிக்கா எவ்வளவு என்பது தெரியும். டைட்டனோசீன் அளவை அந்த எடைக்குத்தான் கணக்கிட வேண்டும்.

ஏன் 200, ஏன் 500 இல்லை? வெற்றிடத்தில் 200இல் உலர்த்திய சிலிக்காவில் சதுர நானோமீட்டருக்கு ஏறக்குறைய 4.9 ஹைட்ராக்சில், 400இல் 2.35, 500இல் 1.8, 700இல் 1.15. மூன்று காலில், அதாவது சுவரோடு மூன்று ஆக்சிஜன் பிணைப்பில், நிற்கும் டைட்டானியம் ஒன்றுக்கு மூன்று சிலனால் வேண்டும், 0.2 அடர்த்திக்கு 0.6 போதும். எண்ணிக்கையில் எல்லாமே தாராளம்தான். ஆனால் டைட்டானியத்தின் காலடி சின்னது: ஆக்சிஜனுக்கு ஆக்சிஜன் 0.29 நானோமீட்டர். 4.9 அடர்த்தியில் சராசரி இடைவெளி 0.45, 1.8இல் அது 0.75. 500இல் உலர்த்தினால் ஒற்றைக் காலிலும் இரட்டைக் காலிலும் நிற்பவை கூடும், சுடும்போது அவைதான் முதலில் நகரும். ஒரே வகைத் தளம் (வினை நடக்கும் டைட்டானிய இடம்) வேண்டும் என்றால் 200 நல்லது. ஒற்றைக் கால் தளத்தையே ஆராய விரும்புகிறவர் 700க்குப் போகட்டும், அது வேறு வேலை.

ஒட்டவைத்தல்

டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடை நேராக ஊற்றினால் இவ்வளவு சுற்றுவேலை எதற்கு என்று கேட்கலாம். 69 மைக்ரோலிட்டர் போதும், விலையும் குறைவு. சிக்கல் அது சிலனாலைக் கண்டதும் பாய்வதில். துகளின் வெளி ஓரத்தில் உள்ள துளை வாயிலேயே முழுவதும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே காலி, வெளியே நெரிசல். சராசரி 0.2 என்றாலும் ஓரத்தில் அது 1ஐத் தாண்டியிருக்கும். சொட்டுச் சொட்டாக விட்டால் இன்னும் மோசம், முதல் சொட்டைச் சந்தித்த துகள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். முழுக் கரைப்பானிலும் முன்கூட்டியே கரைத்து, உலர்ந்த ஐசோபுரோப்பனால் கொஞ்சம் சேர்த்து ஒரே தடவையில் ஊற்றினால் வேகம் தணியும், ஆனால் ஒட்டும் அளவும் குறையும். எத்தாக்சைடு இதற்கு ஆகவே ஆகாது. புட்டியிலேயே அது மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும்.

டைட்டனோசீனின் அழகு, பரவுவதும் ஒட்டுவதும் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிந்துவிடுவதில். அமைன் என்ற காரம் வரும்வரை அது சிலனாலோடு பெரிதாக வினைபுரிவதில்லை. 58 மில்லிகிராமை 30 மில்லிலிட்டர் குளோரோஃபார்மில் கரைத்து, குளிர்ந்த தாங்கியின் மேல் மந்த வாயுவின் கீழே மாற்றி, ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். கலவை செக்கச்செவேல் என்று இருக்கும். குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றுவது நல்லது, இந்தச் சேர்மத்துக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது. பிறகு உலர்ந்த டிரைஎத்தில் அமைன் 0.14 மில்லிலிட்டர், அதாவது 1 மில்லிமோல், 3 மில்லிலிட்டர் குளோரோஃபார்மில் கலந்து சேர்க்கலாம். குளோரைடுகளைப் பிடித்துக்கொள்ள 0.46 மில்லிமோல் போதும், மீதி உபரி.

இனி நிறம் பேசும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் சிவப்பு ஆரஞ்சாகி மஞ்சளாகும். ஓர் இரவு விட்டு, மந்த வாயுவின் கீழ் வடிகட்டி, 20 மில்லிலிட்டர் குளோரோஃபார்மால் மூன்று முறை கழுவ வேண்டும். உண்டாகும் டிரைஎத்தில் அமோனியம் குளோரைடு குளோரோஃபார்மில் கரையும், ஹெக்சேனில் கரையாது; கழுவுவதற்குக் கரைப்பானை மாற்றினால் உப்பு உள்ளேயே தங்கும். பொடி மஞ்சள், வடிநீர் நிறமற்றது என்றால் சரி. வடிநீர் இன்னும் சிவப்பாக இருந்தால் அமைன் பழையது அல்லது குறைவு. அமைன் ஊற்றிய சில நொடிகளிலேயே மஞ்சளாகிக் கலங்கினால் அது வெற்றி அல்ல. ஈரம் இருக்கிறது, டைட்டனோசீன் சுவரோடு இல்லாமல் தண்ணீரோடு வினைபுரிந்திருக்கிறது. அந்த மாதிரியை அங்கேயே கைவிடலாம். சுட்டால் அதுவும் வெள்ளையாகத்தான் வரும், பிறகு எது எது என்று தெரியாது.

சைக்ளோபென்டாடையீன் வளையங்களை எரிக்க, உலர்த்தி வழியாக வரும் காற்றோட்டத்தில் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 550, நான்கு மணி நேரம். இடையில் பழுப்பாகிப் பிறகு வெளுக்கும். காற்று உலர்ந்ததாக இருப்பது முக்கியம்: சூடான நீராவி டைட்டானியத்துக்கும் சிலிக்கனுக்கும் இடையிலான பிணைப்பைப் பிளந்து அணுவை நகரவைக்கும். ஆறும்போதும் ஓட்டத்தை நிறுத்தக் கூடாது.

கிடைக்கும் மாதிரியோடு 0.05, 0.1, 0.5 அடர்த்தியிலும் செய்துவைத்தால் பின்னால் கை கொடுக்கும். டைட்டனோசீன் முறையே 14.5, 29, 145 மில்லிகிராம்.

எவ்வளவு ஒட்டியது

ஐ.சி.பி. (தனிம அளவைத் தரும் பிளாஸ்மா நிறமாலைக் கருவி) கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பெராக்சைடு நிறமே போதும். இரண்டுக்கும் முதலில் சிலிக்காவைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். டெஃப்லான் கிண்ணம், புகைக்கூண்டு, முழுக் கையுறை, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில், உடன் இன்னொருவர். இதில் ஒன்று குறைந்தாலும் மாதிரியை வெளிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம்.

50 மில்லிகிராமைக் கரைத்து, கந்தக அமிலம் சேர்த்து வெண்புகை வரும்வரை சூடாக்க வேண்டும். சிலிக்கன் ஃபுளோரைடாகப் பறந்துவிடும். புகை வரும்வரை என்பதைச் சுருக்கக் கூடாது. மிச்சம் நிற்கும் ஃபுளோரைடு டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டு பெராக்சைடின் மஞ்சள் நிறத்தை வெளுக்கவைக்கும். 1 சதவீதம் இருக்கும் மாதிரி 0.6 என்று காட்டும். நீர்த்த கந்தக அமிலத்தில் 50 மில்லிலிட்டராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து 410 நானோமீட்டரில் அளந்தால், 1.1 சதவீத மாதிரி 1 செ.மீ. கலத்தில் 0.16ஐ ஒட்டி உறிஞ்சும். தரக் கரைசல்களை அதே நாளில் அதே அமில அளவில் அளப்பது நல்லது.

தனித்தனியா, கூட்டமா

முதலில் யூ.வி. (புற ஊதா) பரவல் பிரதிபலிப்பு. தனித்த நான்முகி (நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த) டைட்டானியம் 210–230 நானோமீட்டரில் உறிஞ்சும். 260–280இல் தோள்பட்டை வந்தால் அருகருகே கூடியவை அல்லது தண்ணீர் ஏறிய தளங்கள். 320ஐத் தாண்டி வால் நீண்டால் அனட்டேஸ். அதன் விளிம்பு 3.2 எலெக்ட்ரான் வோல்ட், ஏறக்குறைய 385 நானோமீட்டர்.

“அல்லது” என்ற சொல்லில்தான் எல்லாத் தகராறும். நல்ல மாதிரியைத் திறந்த கிண்ணத்தில் வைத்து அளந்தால், காற்றின் ஈரம் டைட்டானியத்தின் மேல் ஏறி உச்சியை நீள் அலைப் பக்கம் தள்ளிவிடும். அதைக் கொத்து என்று எழுதிவிடுவது எளிது. ஒரே மாதிரியை இரண்டு முறை அளக்க வேண்டும்: காற்றில் ஒரு முறை, மூடிய கலத்தில் 300 டிகிரியில் உலர்த்தி ஆறவைத்து ஒரு முறை. உலர்த்தியதும் 220க்குத் திரும்பினால் தண்ணீர். திரும்பாமல் 260இலேயே நின்றால் கொத்து. இரண்டு வளைவையும் ஒன்றன்மேல் ஒன்று வரைந்து பார்ப்பதைவிட நேர்மையான சோதனை இந்த விலையில் கிடையாது. இன்னொன்று: மாதிரியை நீர்க்கச் செய்யாமல் அளந்தால் 220 உச்சி தட்டையாகி, தோள்பட்டை பெரிதாகத் தெரியும். அதே நாளில் சுட்ட வெறும் எஸ்.பி.ஏ.-15 கொண்டு ஐந்தில் ஒரு பங்காக்கி அளக்கலாம், அதுவே பின்னணியாகவும் ஆகும்.

ராமன் நிறமாலையில் அனட்டேஸின் 144 செ.மீ.⁻¹ உச்சி மிகக் கூர்மையானது. யூ.வி.யில் தெரியாத சொற்ப அனட்டேஸைக்கூட அது காட்டிக்கொடுக்கும். 0.5 அடர்த்தி மாதிரியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அகச்சிவப்பில் 960 செ.மீ.⁻¹ பட்டையைப் பார்த்துவிட்டு டைட்டானியம் சட்டகத்தில் ஏறிவிட்டது என்று முடிவுகட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. வெறும் எஸ்.பி.ஏ.-15இலேயே சிலனால் அதே இடத்தில் பட்டை தருகிறது. டி.எஸ்.-1 (டைட்டானியம் உள்ள சிலிக்கா சியோலைட்) போன்ற சிலனால் குறைந்த படிகத்தில் அந்தப் பட்டைக்கு மதிப்பு உண்டு, இங்கே இல்லை. பிரிடினைச் செலுத்தி 150 டிகிரியில் இறைத்த பிறகும் 1608இல் பட்டை நின்றால் லூயிஸ் அமிலத் தளம் (எலெக்ட்ரான் இணையை ஏற்கும் இடம்) உண்டு. புரோட்டான் தரும் அமிலத்தைக் காட்டும் 1545இல் ஒன்றும் வரக் கூடாது.

எக்ஸ்ரே உறிஞ்சல் கிடைத்தால் கேள்வி தீரும். டைட்டானிய உலோகத்தின் கே விளிம்பு (எக்ஸ்ரே உறிஞ்சல் திடீரென ஏறும் ஆற்றல்) 4966 எலெக்ட்ரான் வோல்ட்; நான்முகியாக இருந்தால் அதற்குச் சற்று மேலே, 4970க்கு அருகில் ஒற்றை உயர்ந்த முன்னுச்சி (மாதிரியின் விளிம்பு ஏற்றத்துக்கு முன் வரும் உச்சி). அனட்டேஸில் அந்த இடத்தில் மூன்று சின்ன மேடுகள். டைட்டானியம்–ஆக்சிஜன் தூரம் நான்முகியில் 1.8 ஆங்ஸ்ட்ராம், அனட்டேஸில் 1.95. மாதிரித் தட்டு செய்யும்போது ஒரு கணக்கு: 5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் சிலிக்காவே கதிரை விழுங்கும், சதுர சென்டிமீட்டருக்கு 7 மில்லிகிராமிலேயே ஓர் உறிஞ்சல் நீளம் முடிந்துவிடும். அந்தத் தடிமனில் 1 சதவீத டைட்டானியம் தரும் விளிம்புத் தாவல் 0.05தான். ஊடுருவல் முறையில் போராடுவதைவிட ஒளிர்வு முறைக்குப் போகலாம். மாதிரி உலர்ந்திருக்க வேண்டும் என்ற விதி இங்கும் அதேதான். ஈரம் ஏறிய தளத்தில் முன்னுச்சி சிறுத்துவிடும்.

வினையில்

ஆக்சிஜன் தர ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். அதனோடு வரும் தண்ணீர் இந்த ஈரம் விரும்பும் சுவரில் குடியேறி டைட்டானியத்தை உருவி எடுத்துவிடும். நீர் வெறுக்கும் டி.எஸ்.-1 தாங்குகிறது, எஸ்.பி.ஏ.-15 தாங்காது. டெக்கேனில் கரைத்த 5.5 மோலார் டி.பி.எச்.பி. (டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு) 0.36 மில்லிலிட்டர், அதாவது 2 மில்லிமோல். சைக்ளோஹெக்சீன் 1 மில்லிலிட்டர், 10 மில்லிமோல். டொலுவீன் 5 மில்லிலிட்டர். வினையூக்கி 50 மில்லிகிராம், 200 டிகிரியில் வெற்றிடத்தில் புதிதாக உலர்த்தியது. அதில் டைட்டானியம் 11.6 மைக்ரோமோல். 65 டிகிரி. டி.பி.எச்.பி.யைக் காய்ச்சி அடர்த்தியாக்குவதோ, மிஞ்சியதைப் புட்டியில் திருப்பி ஊற்றுவதோ, உலோகக் கரண்டியால் தொடுவதோ கூடாது.

சைக்ளோஹெக்சீனை அலுமினா நிரப்பிய சின்னத் தூண் வழியாக வடித்து உடனே பயன்படுத்த வேண்டும். புட்டியில் சேர்ந்த பெராக்சைடு தனியுறுப்பு வினையைக் கிளப்பிவிட்டால், வினையூக்கி செய்யாத வேலையும் அதன் கணக்கில் ஏறும். அடையாளம்: எப்பாக்சைடோடு சைக்ளோஹெக்சினோனும் சைக்ளோஹெக்சினாலும் வருவது. இதில் ஜி.சி. (வாயு நிறப்பகுப்பு) ஒரு பொய் சொல்லும். சைக்ளோஹெக்சினைல் ஹைட்ரோபெராக்சைடு ஊசி முனைச் சூட்டில் உடைந்து அந்த இரண்டாகவே தெரியும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் டிரைஃபீனைல் பாஸ்ஃபீன் சேர்த்துக் கால் மணி நேரம் கழித்துச் செலுத்தினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் ஹைட்ரோபெராக்சைடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். உள் அளவீட்டுக்கு மெசிட்டிலீன். டெக்கேன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, உதவாது. மிஞ்சிய டி.பி.எச்.பி.யை அயோடின் தரம்பார்த்தலில் அளந்து, செலவானதில் எவ்வளவு எப்பாக்சைடானது என்று பார்க்காமல் சதவீதம் எழுத வேண்டாம்.

5, 10, 20, 30, 60 நிமிடங்களில் எடுத்து, 15 சதவீத மாற்றத்துக்குக் கீழ் உள்ள புள்ளிகளிலிருந்து தொடக்க வேகம். அதை டைட்டானியம் ஒன்றுக்கு வகுத்து நான்கு அடர்த்திக்கும் வரைந்தால், 0.05, 0.1, 0.2 மூன்றும் ஒரே கோட்டில் நின்று 0.5 சரிய வேண்டும். முதல் மூன்றும் சமம் என்றால் தளங்கள் ஒரே மாதிரி, துளைக்குள் போக்குவரத்துத் தடையும் இல்லை. 0.1க்கும் 0.2க்கும் இடையிலேயே சரிந்தால் ஒட்டவைத்த கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். வெறும் எஸ்.பி.ஏ.-15 போட்டு ஓட்டிய வெற்று வினையைக் கழிக்க மறக்கக் கூடாது.

வேலை செய்யும் தளங்களை எண்ண ஃபீனைல்பாஸ்ஃபோனிக் அமிலம் உண்டு. அது டைட்டானியத்தைப் பிடித்து அடைத்துவிடும், சிலனாலைக் கண்டுகொள்ளாது. 11.6 மைக்ரோமோலுக்கு 1.8 மில்லிகிராம்தான் வேண்டும், அதை நேராக எடை போட முடியாது. 18.4 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் உலர்ந்த அசிட்டோநைட்ரைலில் கரைத்தால் 1 மில்லிலிட்டர் சரியாக ஒரு பங்கு. கால், அரை, முக்கால், முழுப் பங்கு என்று சேர்த்துத் தொடக்க வேகத்தை வரைய வேண்டும். எல்லாக் குடுவையிலும், அமிலம் சேர்க்காததிலும்கூட, மொத்த அசிட்டோநைட்ரைல் 1 மில்லிலிட்டராகவே இருக்கட்டும். அதுவும் டைட்டானியத்தில் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். கோடு நேராக இறங்கி 0.6 பங்கில் சுழியைத் தொட்டால், போட்ட டைட்டானியத்தில் 60 சதவீதம் வேலை செய்கிறது. மீதி நுண்பொந்திலோ கொத்துக்குள்ளோ இருக்கிறது. இறங்கிவிட்டுக் கடைசியில் வால் போல வளைந்தால் தளங்கள் இரண்டு வகை.

கசிவுச் சோதனையைச் சூடாகவே செய்ய வேண்டும். அரை மணி நேரம் ஓடிய கலவையை 65 டிகிரியில் முன்சூடாக்கிய வடிகட்டி வழியாக வேறு குடுவைக்கு மாற்றித் தொடர வேண்டும். ஆறவைத்து வடிகட்டினால் கரைந்து வந்த டைட்டானியம் மறுபடி சிலிக்காவில் ஒட்டிக்கொண்டு, கசிவே இல்லை என்று காட்டும்.

மறுபயன்பாட்டில் வேகம் குறைந்தால் கழுவி, உலர்ந்த காற்றில் 550இல் சுட்டு மீண்டும் ஓட்டலாம். வேகம் திரும்பினால் துளையில் படிந்திருந்தது எப்பாக்சைடு பிளந்து வரும் டையாலும் அதன் உறவுகளும். திரும்பாமல், உலர்த்தி அளந்த யூ.வி.யில் 320க்கு மேல் வால் முளைத்திருந்தால் டைட்டானியம் இடம் மாறிவிட்டது. யூ.வி. முன்போலவே இருந்து பெராக்சைடு நிறம் மட்டும் குறைந்திருந்தால், அது வடிநீரோடு போய்விட்டது.